ஈர மண்ணில் வாடிய கறிவேப்பிலை

என் பால்கனி கறிவேப்பிலைச் செடி போன மாசம் செத்துப்போச்சு. தினமும் ரெண்டு வேளை தண்ணி ஊத்தினேன். இலை வாடினதும் இன்னும் அதிகமா ஊத்தினேன். அதைக் கொன்னதே அந்தத் தண்ணிதான்.

ஸ்கூல்ல ஒளிச்சேர்க்கையை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு ஒரு விஷயத்தை விட்டுட்டோம். வேரும் சுவாசிக்கும். மண் துகள்களுக்கு இடையில இருக்கிற காற்றுதான் அதுக்கு ஆக்சிஜன். அந்த இடத்தைத் தண்ணி அடைச்சுட்டா, ஆக்சிஜன் பரவும் வேகம் சுமார் 10,000 மடங்கு குறைஞ்சிடும். ஆக்சிஜன் இல்லாம ஒரு குளுக்கோஸ்ல இருந்து செல்லுக்குக் கிடைக்கிறது 2 ஏடிபி மட்டும்தான். இருந்தா கிட்டத்தட்ட 30. இந்தத் தட்டுப்பாட்டுல வேர் செல்களோட நீர் வாசல்கள் மூடிக்கும். சுத்தி தண்ணி நிக்கும், ஆனா உள்ளே போகாது. இலை வாடும். நாம அதைத் தாகம்னு நினைச்சு இன்னொரு மக் ஊத்துவோம்!

அப்போ வயல் தண்ணியில நிக்கிற நெல் மட்டும் எப்படிப் பிழைக்குது? அதோட தண்டுலயும் வேர்லயும் ஏரன்கைமான்னு காற்றுக் குழாய்கள் இருக்கு. இலை வழியா வர்ற ஆக்சிஜன் அதுல வேர் நுனி வரை இறங்கும். வழியில கசியாம இருக்க வேரோட வெளிப்பக்கம் ஒரு தடுப்பு வேற. சூப்பர் டிசைன், இல்ல?

கறிவேப்பிலைக்கு அந்த வசதி கிடையாது. இப்ப புதுச் செடி வெச்சிருக்கேன், அடியில ஓட்டை உள்ள தொட்டியில. ரெண்டு இன்ச் ஆழம் விரலை விட்டுப் பார்ப்பேன். ஈரமா இருந்தா அன்னிக்குத் தண்ணி இல்ல. அம்மா ஃபோன்ல "ஊத்தினியாடா?"ன்னு கேட்டாலும் சரி.