உரையாசிரியர் என்பார் யார்?

தொல்காப்பிய உரைகளைக் கற்கப் புகும் நம் மாணவர்க்கு முதற்கண் நேரும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. உரைகாரர் 'ஆசிரியர்' என்றும் 'உரையாசிரியர்' என்றும் இயற்பெயர் சுட்டாமலே எழுதிச் செல்வர். இவ்விருவரையும் ஒருவராகக் கருதினால், மறுக்கப்பட்டவர் தொல்காப்பியரே என்று மயங்க நேரும். யாமும் முன்னர் அங்ஙனம் மயங்கியதுண்டு.

அவ்வுரைகளில் 'ஆசிரியர்' என வாளா கூறின், அது பெரும்பாலும் தொல்காப்பியரையே குறிக்கும். 'உரையாசிரியர்' என்பதோ, உரையெழுதினார் எல்லார்க்கும் பொதுப்பெயர் போலத் தோன்றினும், இளம்பூரணர்க்கே சிறப்பாய் வழங்கியது. இஃது எவ்வாறு துணியப்படும்? சேனாவரையர் சொல்லதிகாரத்துள் 'உரையாசிரியர்' கூற்றென எடுத்து மறுப்பனவற்றை இளம்பூரணத்தோடு ஒத்திட்டு நோக்குக. அக்கருத்துக்கள் அங்கே காணப்படும். இளம்பூரணர் தொல்காப்பியத்துக்கு உரை கண்டமையை நன்னூல் உரைகாரராகிய மயிலைநாதரும் பெயர் சுட்டியே கூறுகின்றார்.

ஆயினும், உரைகாரர் சொன்னதனாலேயே ஒரு செய்தி மெய்யாகிவிடாது. தொல்காப்பியர் சமதக்கினியின் மகனார், திரணதூமாக்கினி எனும் பெயரினர் என்று நச்சினார்க்கினியர் எழுதுகின்றார். அவரோ 14-ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படுபவர். நூல் அவர்க்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. பனம்பாரனார் பாயிரம் தொல்காப்பியன் எனும் பெயரையும், பாண்டியன் அவையையும், அதங்கோட்டாசானையும் கூறுகின்றதன்றி இக்கதையைக் கூறவில்லை. ஆதலின் யாம் இதனைக் கேள்வி வழக்கென்றே கொள்வோம்.

இனி, எவ்வாற்றானும் பெயர் புலப்படாதாரும் உளர். 1892-இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த சிலப்பதிகாரத்தில், அடியார்க்குநல்லார் உரையோடு அதற்கு முற்பட்ட அரும்பதவுரையும் வெளிவந்தது. அதனை எழுதியவர் இன்றும் 'அரும்பதவுரையாசிரியர்' என்றே அழைக்கப்படுகின்றார்.