லேசான பூ வாசனைக்குக் கீழே என்ன இருக்கிறது?

மார்ச், ஏப்ரலில் கோடை மழை ஒன்று நன்றாக நனைத்துவிட்டுப் போனால், எட்டுப் பத்து நாளில் கொல்லிமலையின் காப்பித் தோட்டங்கள் வெள்ளையாகிவிடும். கிளையெல்லாம் பூ; மல்லிகையை ஒத்த மணம். இரண்டு மூன்று நாளில் எல்லாம் வாடிவிடும். காப்பிச் செடி கார்டீனியாவின் குடும்பம்தான். சென்ட் தொழிலில் 'வெள்ளைப் பூ' வகை என்பது இந்த மணம்தான்: மல்லிகை, சம்பங்கி, ஆரஞ்சுப் பூ, கார்டீனியா.

இந்த வகை லேசாக இருப்பதும் தலையைக் கிறுகிறுக்க வைப்பதும் பெரும்பாலும் இண்டோல் என்ற பொருளைப் பொறுத்தது. அடர்த்தியாக முகர்ந்தால் பாச்சை உருண்டையும் சாணமும் கலந்த வாடை. மல்லிகையில் அது துளியளவு இருப்பதால்தான் பூவுக்கு உயிர். அளவைக் கூட்டினால் கல்யாண மண்டபத்து மல்லிகை. குறைத்தால் லேசான, சுத்தமான மணம். அடியோடு எடுத்துவிட்டால் மிஞ்சுவது சோப்பு என்பது என் மூக்கின் தீர்ப்பு.

அப்படி இளைத்த பூவைத் தாங்கிப் பிடிக்கத்தான் வெனிலா. மல்லிகை மணத்தில் முக்கியமான பென்சைல் அசிடேட்டின் மூலக்கூறு எடை 150, லினலூலுக்கு 154, வெனிலாவின் வெனிலினுக்கு 152. எடையில் மூன்றும் பங்காளிகள். ஆனால் கொதிநிலை முறையே 212, 198, 285 டிகிரி செல்சியஸ். வெனிலின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுக்கமாகப் பிடித்துக்கொள்வதால் அது சுலபத்தில் ஆவியாவதில்லை. பூ முதலில் போய்விடும். இனிப்பு மறுநாளும் துணியில் இருக்கும்.

வெனிலா ஓர் ஆர்க்கிட் கொடி. அதன் பச்சைக் காய்க்கு வாசனையே கிடையாது; வெந்நீரில் வாட்டி, வெயிலில் காயவைத்து, மாதக்கணக்கில் பதப்படுத்தினால்தான் வெனிலின் வெளிப்படும். 1874-இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் டீமானும் ஹார்மானும் அதை ஆய்வகத்தில் செய்துகாட்டினார்கள். 1889-இல் பாரிஸின் கெர்லான் நிறுவனம் 'ஜிக்கி' சென்ட்டில் அந்தச் செயற்கை வெனிலினைச் சேர்த்தது. பூந்தோட்டத்து மணத்தோடு இனிப்புப் பலகாரக் கடை சேர்ந்தது அதற்குப் பிறகுதான் எளிதாயிற்று.

கடையில் பூவும் வெனிலாவும் சேர்ந்த சென்ட்டை வாங்கும்போது முதல் முகர்வை நம்ப வேண்டாம். மணிக்கட்டில் தடவிக்கொண்டு வேறு வேலையைப் பார்த்துவிட்டு வாருங்கள். நாள் முழுக்க உங்களோடு இருக்கப்போவது அப்போது வீசுவதுதான். நம் வெயிலில் பூ இன்னும் சீக்கிரம் பறந்துவிடும். இன்னொன்று: வெனிலின் கலந்த சென்ட் நாள்பட்டால் பழுப்பேறும். வெள்ளை வேட்டியிலோ சட்டையிலோ நேராக அடித்துக்கொள்ளாதீர்கள்.