மஞ்சள் நிறம் காட்டிய உண்மை!
இந்தியாவில் எய்ட்ஸ் கிருமியைக் கண்டறிந்த மாணவி

எம்.டி. பட்டம் பெற விரும்பும் டாக்டர்கள், ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதித் தரவேண்டும்.

அதற்காக ஒரு மாணவி எடுத்துக்கொண்ட ஆய்வுதான், எய்ட்ஸ் கிருமி இந்தியாவுக்கு வந்துவிட்டதை முதன்முதலாகக் காட்டியது!

அவர் பெயர் செல்லப்பன் நிர்மலா. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்தவர்.

"வெளிநாட்டு நோய்"

1985-ம் ஆண்டு. அமெரிக்காவில் எய்ட்ஸ் நோய் பலரைப் பலி கொண்டிருந்தது. "அது வெளிநாட்டு நோய், இங்கே வராது" என்று நம் நாட்டில் பலர் நம்பினார்கள்.

பேராசிரியை சுனிதி சாலமன் அப்படி நம்பவில்லை. தேடிப் பார்க்காமல் "இல்லை" என்று எப்படிச் சொல்வது? 200 பேரின் ரத்தத்தைச் சோதிக்கும்படி மாணவியிடம் சொன்னார்.

நிர்மலாவுக்கு அப்போது வயது 32. இரண்டு குழந்தைகளின் தாய். சிற்றூரில் வளர்ந்தவர், அதிகம் பேசாதவர். முதலில் தயங்கினார். கணவர் தைரியம் சொன்னார்.

உடலை விற்றுப் பிழைக்க நேர்ந்த பெண்கள், போலீசில் பிடிபட்டு ஒரு காப்பகத்தில் இருந்தார்கள். பஸ் கட்டணத்தை மிச்சப்படுத்த, கணவரே ஸ்கூட்டரில் அங்கே அழைத்துப் போனார்.

மூன்று மாதத்தில் 80-க்கும் அதிகமானவர்களிடம் ரத்தம் எடுத்தார். கையுறை கூடக் கிடையாது! பிரித்த ரத்தநீரை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார்.

வேலூரில் சோதனை

சென்னையில் அப்போது சோதனை வசதி இல்லை. 1986 பிப்ரவரியில், கணவரும் மனைவியும் ரத்தநீருடன் ரெயில் ஏறினார்கள். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் சோதனை நடந்தது.

அது என்ன சோதனை? கிருமி உள்ளே நுழைந்தால், அதை எதிர்க்க நம் உடல் ஒருவகைப் பொருளை உண்டாக்கும். அந்த எதிர்ப்பொருள் ரத்தநீரில் இருந்தால், சோதனைத் தட்டில் நிறம் மாறும்.

ஆறு பெண்களின் ரத்தநீர் மஞ்சளாக மாறியது!

மீண்டும் ரத்தம் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கும் அதே முடிவு. மே மாதம் சுகாதார மந்திரி எச்.வி.ஹண்டே சட்டசபையில் அறிவித்தார். நாடே திடுக்கிட்டது.

நிர்மலா 1987-ல் கட்டுரையைக் கொடுத்துத் தேர்வு பெற்றார். பிறகு கிண்டி கிங் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, 2010-ல் ஓய்வு பெற்றார்.

சொல்லாமல் எடுத்த ரத்தம்

ஒன்றை மறக்கக் கூடாது. என்ன நோய்க்கான சோதனை என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லவில்லை. உண்மை வெளிவர உதவிய அவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

இன்று அப்படிச் செய்ய முடியாது. விவரம் சொல்லி, சம்மதம் பெற்ற பிறகே ரத்தம் எடுக்கவேண்டும். முடிவை ரகசியமாக வைக்கவேண்டும். இது 2017-ம் ஆண்டுச் சட்டம். ஆராய்ச்சி மாணவர்கள் கற்கவேண்டிய பாடங்களில் இதுவும் ஒன்று.

கொங்கு நாட்டில்

பின்னாளில் கொங்கு நாட்டையும் இந்த நோய் விடவில்லை. லாரித் தொழில் மிகுந்த நாமக்கல் வட்டாரத்தில் பல குடும்பங்கள் கலங்கின.

இன்று நிலைமை வேறு. கோவை அரசு ஆஸ்பத்திரி உள்படப் பல இடங்களில் இதற்கு மாத்திரை இலவசம். தினமும் தவறாமல் சாப்பிட்டால், மற்றவர்களைப் போல நெடுங்காலம் வாழலாம்.

அதற்கு முதலில் நோய் இருப்பது தெரியவேண்டும். ஆகவே, சந்தேகம் இருந்தால் பயப்படாமல் ரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.