கடைசி முப்பது அடி

திருச்சி–திண்டுக்கல் நெடுஞ்சாலையில் மணப்பாறையைத் தாண்டி வரும் வையம்பட்டி போன்ற ஊர்களில், இணையம் என்றால் பல காலம் செல்போன் டவர்தான். 2011இல் தேசிய ஒளியிழைத் திட்டமாகத் தொடங்கிப் பிறகு பாரத்நெட் எனப் பெயர் மாறிய திட்டத்தில், தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் பொறுப்பு டான்ஃபிநெட் நிறுவனத்திடம் வந்தது. கேபிள் ஆபரேட்டர்களும் வீட்டு வாசல்வரை லைன் இழுத்துத் தருகிறார்கள்.

ஆனாலும், "நூறு எம்பி பிளான் போட்டும் மாடியில வீடியோ சுத்திக்கிட்டே நிக்குது" என்ற புலம்பல் ஓயவில்லை. உடனே இருநூறு எம்பி பிளானுக்கு மாறுகிறார்கள். மாதாமாதம் வீணாகும் காசு அது. முதலில் ரவுட்டரில் ஒயரைச் செருகி லேப்டாப்பில் வேகத்தைப் பாருங்கள். அங்கே முழு வேகம் வந்தால் லைனில் குறையில்லை, வீட்டுக்குள்தான் இருக்கிறது.

லைன் போட வந்தவர் ஜன்னலோரம் ஓட்டை போட்ட இடத்திலேயே ரவுட்டரையும் மாட்டிவிட்டுப் போகிறார். பாதி சிக்னல் தெருவுக்குப் போகிறது. மீதியை இரும்பு பீரோவும் கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் தடுக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, சுவரைக் கடக்கத் திணறும். 2.4 தூரம் போகும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே என்பதால் அக்கம்பக்கத்து வைஃபையோடு மோதும். எனவே ரவுட்டரை வீட்டின் நடுவே, ஆள் உயரத்துக்கு மேல் மாற்றுங்கள். இதற்குச் செலவு கொஞ்சம் ஒயர் மட்டுமே.

மாடி அறைக்கு ரிப்பீட்டர் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சாதாரண ரிப்பீட்டர் ஒரே சேனலில் வாங்கி, அதே சேனலில் திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஒரு கேட்-6 ஒயரை மேலே கொண்டுபோய் அங்கே இன்னொரு வைஃபை பெட்டி வையுங்கள். ஒயரை வாங்கும்போது உள்கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். வளைத்தால் ஒடியும். ஜிகாபிட் வேகத்துக்கு எட்டு இழைகளும் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் பெரும்பாலும் நூறுக்கு இறங்கிவிடும். ரவுட்டரின் போர்ட்டே நூறு எம்பி வகையாக இருந்தால், எந்த பிளான் போட்டாலும் ஒயரில் அதற்கு மேல் வராது.

தோட்டத்து வீடு, மாட்டுக் கொட்டகை கேமரா, மோட்டார் ரூம் என்று பரந்து கிடக்கும் வீடுகள் இந்தப் பக்கம் நிறைய. இரண்டு கட்டடங்களுக்கு இடையே செம்பு ஒயரை அந்தரத்தில் இழுப்பது கோடை இடிமழையை வீட்டுக்குள் கூப்பிடுவதற்குச் சமம். அருகில் மின்னல் விழுந்தாலே ஒயரில் எழும் மின்னழுத்தம் இரு முனையிலும் போர்ட்டுகளைக் கருக்கிவிடும். அங்கே ஃபைபர்தான் சரி. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது, தூரமும் பிரச்சினையில்லை. உலோகக் கம்பி சேராத ஃபைபராகக் கேட்டு வாங்கி, முனைக்கு ஒரு மீடியா கன்வெர்ட்டர் வைத்தால் போதும். ஆணியில் சுற்றி மடக்காதீர்கள். மடிப்பில் ஒளி கசியும்.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்தும் நாளில் நெட்டும் போக வேண்டியதில்லை. ஆபரேட்டர் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஃபைபரைப் பிரிக்கும் பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை. அலுவலகத்தில் பேட்டரி இருந்து, வீட்டில் ரவுட்டருக்குப் பொருத்தமான ஒரு மினி யூபிஎஸ் இருந்தால் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு தடைபடாது. பழைய ரவுட்டரைத் தூக்கிப் போட்டு வைஃபை-6 வாங்குவது கடைசி வேலை. நிறையப் போன்களும் டிவியும் ஒரே நேரத்தில் ஓடும் வீட்டில் அதன் பலன் தெரியும்.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு ஒன்று. தளத்துக்குக் கம்பி கட்டி முடித்ததும், எலக்ட்ரீஷியன் கரண்டுக்குப் பைப் பதிக்க வருவார். அப்போதே ஹாலிலிருந்து மாடி அறைக்கும் வாசல் கேமரா வரும் இடத்துக்கும் நெட் ஒயருக்கெனத் தனிப் பைப் கேளுங்கள். கரண்டு ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைக்க அனுமதிக்காதீர்கள். பைப்புக்குள் ஒரு நைலான் கயிற்றை விட்டுவைத்தால், நாளைக்கு எந்த ஒயரையும் சுவரை உடைக்காமல் இழுத்துக்கொள்ளலாம்.