பற்படலமும் இதய வால்வும்

“பல் துலக்கினால் ஈறில் இரத்தம் வருகிறது, ஆகவே துலக்குவதைக் குறைத்துவிட்டோம்” எனச் சிலர் எம்மிடம் கூறுவதுண்டு. இதய வால்வு நோய் உள்ளவர்களுக்கு இப்பழக்கம் ஏன் ஆபத்தானது என்பதை இங்கு விளக்குகிறோம்.

படலம் உருவாகும் விதம்

பல் துலக்கிய சில நிமிடங்களிலேயே உமிழ்நீரிலுள்ள புரதங்கள் எனாமலின் மீது மெல்லிய உறையாகப் படிகின்றன. அவ்வுறையில் முதலில் ஒட்டிக்கொள்ளும் நுண்ணுயிர்களுள் ஒன்று ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாங்குவினிஸ்’. அதன்மேல் பிற நுண்ணுயிர்களும் சேர, பற்படலம் தடிக்கிறது.

இந்நுண்ணுயிர் வாயில் இருப்பது இயல்பே. இது ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியிட்டு, பற்சொத்தையை உண்டாக்கும் ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்’ பெருகாமல் ஓரளவு தடுக்கவும் செய்கிறது.

இரத்தத்தில் கலந்தால்

ஈறோரம் படலம் தேங்கினால் ஈறு வீங்கி இரத்தம் கசியும். அவ்வழியே நுண்ணுயிர்கள் இரத்தத்தில் நுழையும். பெரும்பாலோரின் உடல் அவற்றை விரைவில் அழித்துவிடும். ஆனால் செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர்களுக்கும், வாதக் காய்ச்சலால் வால்வு பழுதுற்றவர்களுக்கும் அவை வால்வில் ஒட்டி, உயிருக்கு ஆபத்தான இதய உள்ளுறை அழற்சியை ஏற்படுத்தக்கூடும். இந்நோயாளிகளின் இரத்தத்தில் காணப்பட்டதாலேயே, இரத்தத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் இந்நுண்ணுயிர் பெயர் பெற்றது.

செய்ய வேண்டியவை

• காலையிலும் இரவிலும் மென்மையான தூரிகையாலும் ஃப்ளோரைடு பற்பசையாலும் 2 நிமிடம் துலக்குங்கள். ஈறில் இரத்தம் வந்தாலும் நிறுத்தாதீர்கள். பல் மருத்துவரைக் காணுங்கள்.

• வாய் கொப்பளிக்கும் மருந்து மட்டும் படலத்தை அகற்றாது. கெட்டிப்பட்டுக் காரையாகிவிட்டால் பல் மருத்துவரே அகற்ற இயலும்.

• படுக்கையில் உள்ளவர்களுக்குப் பராமரிப்பவரே துலக்கிவிட வேண்டும்.

• செயற்கை வால்வு உள்ளவர்களும் முன்பு இந்நோய் கண்டவர்களும், பல் பிடுங்குவதற்கும் காரை அகற்றுவதற்கும் முன் அதைப் பல் மருத்துவரிடம் தெரிவியுங்கள். சிகிச்சைக்கு முன் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவைப்படலாம். இரத்தம் உறையாமைக்கான மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது.

• வால்வு நோய் உள்ளவர்களுக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தால், கடையில் மருந்து வாங்கி உண்ணாமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். இரத்தப் பரிசோதனைக்கு முன்பே நுண்ணுயிர்க்கொல்லி உட்கொண்டால் நோய்க்கிருமியைக் கண்டறிவது கடினமாகும்.