மலை ரயில்கள் – 9: வலப் பக்கம் நின்று பாருங்கள்

சத்தத்தை மட்டும் கேட்டால் மணிக்கு 60 மைல் வேகத்தில் எக்ஸ்பிரஸ் ஒன்று பாய்ந்து வருகிறது என்றுதான் தோன்றும். வளைவைத் தாண்டிக் காட்டிலிருந்து வெளியே வரும் எஞ்சினைப் பார்த்தாலோ, ஓட்டமும் நடையுமாகப் போகிறவர்கூட அதோடு சேர்ந்து போய்விடலாம். அவ்வளவு நிதானமாக ஏறிக்கொண்டிருக்கும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் காஸ் என்ற சிற்றூருக்கு முதல்முறையாக வருகிறவர்களை ஏமாற்றுவது இந்தச் சத்தம்தான்.

சென்ற வாரம் நீலகிரியைப் பார்த்தோம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12 அடிக்கு ஓரடி ஏற்றம். அதைச் சமாளிக்கத் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் போட்டிருக்கிறார்கள். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. காஸ் பாதையில் சில இடங்களில் 100 அடிக்கு 11 அடி ஏற்றம். நீலகிரியைவிடச் செங்குத்து. ஆனால் பற்சட்டம் கிடையாது. வெறும் இரும்புச் சக்கரம், வெறும் தண்டவாளம்.

இதைச் சாத்தியமாக்கியவர் ரயில்வே பொறியாளர் அல்ல, ஒரு மரவியாபாரி. எஃப்ரைம் ஷே 1870களில் மிச்சிகன் மாநிலத்தில் மரம் அறுக்கும் மில் நடத்தினார். பனிக்காலத்தில் வெட்டிய மரங்களைச் சறுக்கு வண்டியில் இழுத்து வந்துவிடலாம். பனி உருகிவிட்டால் வேலை நின்றுவிடும். அதனால் மரத்திலேயே தண்டவாளம் போட்டார். வழக்கமான எஞ்சினின் எடையும் குதிப்பும் அதை நொறுக்கின. கடைசியில் ஒரு தட்டையான வண்டியின் மேல் பாய்லரையும் சிறிய எஞ்சினையும் ஏற்றி, அதன் சக்தியைப் பல்சக்கரம் வழியாகச் சக்கரங்களுக்குக் கொடுத்தார். 1881இல் காப்புரிமை கிடைத்தது. ஒஹாயோ மாநிலத்து லைமா நகரில் இருந்த தொழிற்சாலை, 1945 வரை 2,700க்கும் மேற்பட்ட ஷே எஞ்சின்களைச் செய்து விற்றது.

ஷே எஞ்சினைப் பார்ப்பதற்கென்று ஒரு பக்கம் உண்டு. அது வலப் பக்கம். இடப் பக்கம் நின்றால் பாய்லரும் சக்கரங்களும்தான் தெரியும், பாதி எஞ்சினைக் காணோமே என்று தோன்றும். வலப் பக்கம் வந்தால் அத்தனையும் வெளியே தொங்குகின்றன. ஓட்டுநர் அறைக்குச் சற்று முன்னால், செங்குத்தாக நிற்கும் இரண்டு அல்லது மூன்று சிலிண்டர்கள். அவற்றின் எடையைச் சரிக்கட்டத்தான் பாய்லரை இடப்புறம் தள்ளி வைத்திருக்கிறார்கள். பிஸ்டன்கள் மேலும் கீழும் குத்த, அடியில் கிராங்க் ஷாஃப்ட் சுழல்கிறது. அங்கிருந்து, லாரியின் அடியில் ஓடும் புரொப்பல்லர் ஷாஃப்ட் போல, ஒரு நீண்ட தண்டு முன்னும் பின்னும் போகிறது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் நேரே தண்டில் ஒரு சிறிய பல்சக்கரம்; அது சக்கரத்தின் வெளிமுகத்தில் பொருத்திய பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது.

வளைவில்தான் கண்ணை எடுக்கக் கூடாது. சக்கரங்கள் அமர்ந்திருக்கும் அடிவண்டிகள் வளைவுக்கு ஏற்பத் திரும்புகின்றன. வலப்புறம் வளைந்தால் தண்டின் நீளம் குறைய வேண்டும். இடப்புறம் என்றால் கூட வேண்டும். அதற்காகத் தண்டின் ஒரு துண்டைச் சதுரமாகச் செய்து, இன்னொரு சதுரக் குழலுக்குள் செருகியிருக்கிறார்கள். மசகு பளபளக்க அது உள்ளே போவதையும் வெளியே வருவதையும் இரண்டடி தூரத்தில் நின்று பார்க்கலாம். சுழல்வதும் நிற்பதில்லை, நீள்வதும் சுருங்குவதும் நிற்பதில்லை. நீராவி எப்படி மலையேறுகிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் எஞ்சின் வேறு எது? தண்ணீரும் நிலக்கரியும் சுமக்கும் பின்பகுதியின் சக்கரங்கள்கூட இதே தண்டில்தான் சுழல்கின்றன. ஆகவே சுமையின் எடை முழுவதும் பிடிமானமாக மாறுகிறது. ஒரு கிலோவும் வீண் இல்லை.

அந்த ஏமாற்றும் சத்தத்துக்கும் காரணம் இந்தச் சிலிண்டர்களும் பல்சக்கரங்களும்தான். சாதாரண இரட்டைச் சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் புகைபோக்கி நான்கு முறை ‘சுக்’ என்னும். மூன்று சிலிண்டர் ஷேயில் கிராங்க் ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கே ஆறு. சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்குள் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறைக்கு மேல் சுற்றிவிடும்.

காஸிலிருந்து கிளம்பும்போது எஞ்சின் ரயிலின் கீழ்முனையில் நின்று பெட்டிகளை மேல்நோக்கித் தள்ளுகிறது. பெட்டிகள் என்பவை, ஒரு காலத்தில் மரம் ஏற்றிய தட்டை வண்டிகள். கூரையும் பெஞ்சும் பிறகு வந்தவை. மலைச்சரிவில் திரும்ப இடமில்லாததால் பாதை இரண்டு முறை ‘இசட்’ போல மடங்குகிறது. முதல் மடிப்பில் ரயில் நின்று, திசை மாறி, அடுத்த துண்டில் எஞ்சின் இழுத்துக்கொண்டு ஏறும். இரண்டாவது மடிப்பில் மறுபடி தள்ளும். புகைப்படக்காரர்கள் மொய்ப்பது இந்த மடிப்புகளில்தான். நின்ற இடத்திலிருந்து, ஏற்றத்தில், முழுச் சுமையோடு புறப்படும் அந்தச் சில நொடிகளில் ஷேயின் முழு பலமும் தெரிந்துவிடும்.

இந்தப் பாதை போடப்பட்டது வேடிக்கை பார்க்க அல்ல. 1901இல் ஒரு காகித நிறுவனம், சீட் மலையின் செந்நிற ஸ்ப்ரூஸ் மரங்களுக்காகப் போட்டது. ஊரும் அந்த நிறுவனம் கட்டியதுதான். மலையை மொட்டையடித்த எஞ்சின்களையா இப்படிக் கொண்டாடுவது என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானதே. அந்த எஞ்சின் போகாத சரிவுக்குக் கோடரி போயிருந்தாலும் மரம் கீழே வந்திருக்காது. அதைச் சொல்லிவிட்டுத்தான் ரசிக்க வேண்டும்.

1960இல் காஸில் இருந்த மரம் அறுக்கும் மில் மூடப்பட்டது. பழைய இரும்பு வியாபாரிகள் தண்டவாளத்தைப் பிடுங்கத் தொடங்கினார்கள். பென்சில்வேனியாவைச் சேர்ந்த ரசல் பாம் என்ற ரயில் ரசிகர் விடாமல் பேசிப் பேசி, மேற்கு வர்ஜீனியா அரசைப் பாதையை வாங்க வைத்தார். 1963இல் முதல் சுற்றுலா ரயில் ஓடியது. 1968இல் பாதை, 4,842 அடி உயரமுள்ள பால்ட் நாப் மலைவரை மீண்டும் திறந்தது. ஒரு தனிமனிதரின் பிடிவாதம் இல்லையென்றால் இன்று பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அங்கே இருக்கும் 5ஆம் எண் ஷே, 1905இல் பிறந்தது. ஏறக்குறைய ஆயுள் முழுவதும் அதே மலையில் கழித்திருக்கிறது. 6ஆம் எண் அதற்கு நேர்மாறு. லைமா செய்த கடைசி ஷே அதுதான். 1945, 162 டன். நிலக்கரிச் சுரங்கப் பாதை ஒன்றில் சில ஆண்டுகளே உழைத்து, பால்டிமோர் ரயில் அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருளாகி, 1980இல் காஸுக்கு வந்து மறுபடி மலையேறியது.

ஷேக்குப் போட்டியாளர்களும் உண்டு. காஸில் அவர்களையும் பார்க்கலாம். கிளைமாக்ஸ் எஞ்சினுக்கு இரு பக்கமும் சாய்ந்த சிலிண்டர்கள். ஹீஸ்லருக்கு ‘வி’ வடிவில் இரண்டு. இரண்டிலும் சுழலும் தண்டு வயிற்றுக்கு அடியில், நட்டநடுவே ஒளிந்திருப்பதால் குனிந்துதான் பார்க்க வேண்டும். மூன்றில் ஹீஸ்லர்தான் வேகமானது. ஆனாலும் கூட்டம் ஷேயின் வலப் பக்கமே நிற்கிறது.

இதே லைமாவில் செய்த ஷே எஞ்சின்கள் கப்பலேறித் தைவானின் அலிஷான் மலைக்கும் போயின. அங்கே அவை இறக்கியது சைப்ரஸ் மரம். வெட்டச் சொன்னது ஜப்பானிய ஆட்சி. அடுத்த வாரம் அந்த மலைக்குப் போவோம்.

(தொடரும்)