டியூப்புக்கு வயசு என்ன?

உங்கள் வயதைக் கேட்டால் 'டக்'கென்று சொல்லி விடுவீர்கள். உங்கள் வீட்டு காஸ் டியூப்பின் வயது தெரியுமா?

அரியலூர் மாவட்டம் ஆலத்தியூரில் பெரிய சிமென்ட் ஆலை இருக்கிறது. இப்படிப்பட்ட ஆலைகளில் நாள் குறித்து வைத்து இயந்திரங்களைப் பரிசோதிப்பார்கள். நம் சமையலறையிலும் அப்படிப் பார்க்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு. சிலிண்டரையும் அடுப்பையும் இணைக்கும் ரப்பர் டியூப்தான் அது!

இப்போது பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஆரஞ்சு நிற 'சுரக்ஷா' டியூப். உள்ளே கம்பி வலை வைத்துச் செய்தது. இதன் ஆயுள் 5 ஆண்டுகள். தயாரித்த மாதமும் ஆண்டும், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். 5 ஆண்டு முடிந்தாலும், அதற்கு முன்பே வெடிப்பு விட்டாலும், எலி கடித்தாலும் உடனே மாற்றி விட வேண்டும்.

சிலிண்டரில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் கலந்த வாயு. இது காற்றை விடக் கனமானது. அதனால் கசிந்தால் மேலே போகாமல் தரையில் படியும். இதற்கு இயற்கையில் வாசனை கிடையாது. நாம் கண்டுபிடிப்பதற்காகவே 'மெர்கேப்டன்' என்ற நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். 1937ல் அமெரிக்காவின் நியூ லண்டன் ஊர்ப் பள்ளியில், வாசனையில்லாத இயற்கை எரிவாயு யாருக்கும் தெரியாமல் கசிந்து வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தனர். அதன் பிறகே, வாயுவில் நாற்றம் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது.

கசிவு இருக்கிறதா என்று தீக்குச்சி கிழித்துப் பார்க்கவே கூடாது! அடுப்பை அணைத்து விட்டு, ரெகுலேட்டரைத் திறந்து வைத்து, டியூப்பின் இரண்டு முனைகளிலும் சோப்பு நுரையைத் தடவ வேண்டும். குமிழி வந்தால் கசிவு! இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்று குமிழியைக் கவனியுங்கள். புது சிலிண்டர் வரும்போது, அதன் வாய்க்குள் ரப்பர் வாஷர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நாற்றம் வந்தால்?

* சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது.
* பெரியவர்களைக் கூப்பிட்டு ரெகுலேட்டரை மூடச் சொல்லுங்கள்.
* கதவு, ஜன்னல்களைத் திறந்து விட்டு எல்லாரும் வெளியே வந்து விடுங்கள்.
* வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

இரவில் படுக்கப் போகும் முன் ரெகுலேட்டரை மூட வேண்டும். அதை ஞாபகப்படுத்துவது இனி உங்கள் வேலை.

இன்று சாயங்காலமே அம்மாவிடம் கேளுங்கள்: "நம்ம வீட்டு டியூப்புக்கு வயசு என்னம்மா?"